கபடிக் களத்திலிருந்து ரக்பி லீக் முன்களத்துக்கு: தருமபுரி, கிருஷ்ணகிரி இளைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாலக்கோடு, அரூர், பென்னாகரம், பர்கூர் வட்டாரங்களில் கபடிக் களத்தில் ரைடரைப் பிடிக்கும் தடுப்பு இடங்களான கார்னரிலும் கவரிலும் நின்று பழகிய இளைஞர்கள் சிலர், ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் நடக்கும் ரக்பி லீக் ஆட்டங்களைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, தங்களாலும் முன்கள வீரராக ஆட முடியுமா என்று கேட்கிறார்கள். உடற்கல்வி ஆசிரியராக நான் அவர்களுக்குச் சொல்லிவரும் பதிலை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். மோதலுக்கு அஞ்சாத மனமும், தாழ்ந்து நின்று பிடிக்கும் பழக்கமும் நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் ஒரு முறை பலமாக மோதிக் காட்டுவது மட்டும் முன்கள வீரரின் தொழில் அன்று. மோதியதும் எழுந்து, பின்வாங்கி, மூச்சு அடங்குவதற்குள் மறுபடியும் மோதுவதும், அதை வாரந்தோறும் பல ஆண்டுகள் செய்யும்படி உடலைக் காத்துக்கொள்வதுமே அத்தொழில். கீழே சொல்லும் உணவு, பயிற்சி, பிடிமுறை, ஒப்பந்தம் அனைத்தையும் இந்த ஒரே தேவையை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

ஆட்டமும் இடங்களும்

ரக்பியில் யூனியன், லீக் என்று இரண்டு கிளைகள் உண்டு. 1895 ஆகஸ்ட் 29 அன்று இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் உள்ள ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடபகுதி அணிகள் தனியே பிரிந்துவந்ததிலிருந்து லீக் தொடங்குகிறது. சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்த ஆட்டக்காரர்கள், சனிக்கிழமை ஆட்டத்துக்காக இழக்கும் கூலியை ஈடுகட்டித் தர வேண்டும் என்று அந்த அணிகள் கேட்டதும், ஆட்டத்தை நிர்வகித்த மேல்மட்டத்தினர் மறுத்ததுமே பிரிவுக்குக் காரணம். போட்டிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும் என்ற நிலையிலுள்ள வீடுகளிலிருந்து வரும் நம் பிள்ளைகள், இந்த ஆட்டம் அப்படிப்பட்ட வீடுகளின் கோரிக்கையிலிருந்தே பிறந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

லீக்கில் ஓர் அணிக்கு 13 பேர். ஆட்டம் 80 நிமிடம். எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது ட்ரை; அது ஒன்றுக்கு 4 புள்ளி. பந்தோடு ஓடுபவரைப் பிடித்து நிறுத்துவது டேக்கிள். பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள் வரை வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும், பிடிபட்டவர் எழுந்து நின்று பந்தைக் காலால் பின்னே உருட்டிவிட, தடுக்கும் அணி 10 மீட்டர் பின்வாங்கி மீண்டும் முன்னேறி வர வேண்டும். யூனியனில் விழுந்தவரைச் சுற்றிப் பந்துக்காகப் போராட்டம் நடக்கும். லீக்கில் அது இல்லாததால், முன்கள வீரரின் உழைப்பு பின்வாங்கி முன்னேறும் இந்த ஓட்டத்தில்தான் பெரும்பகுதி செலவாகிறது. கைப்பேசியில் ஆட்டம் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு ஒரே ஒரு முன்கள வீரரை மட்டும் பத்து நிமிடம் பின்தொடர்ந்து பாருங்கள். தொழில் என்ன என்பது விளங்கிவிடும்.

முன்களத்தில் ஆறு பேர். 8, 10 எண்ணுடைய இருவர் பிராப். இவர்களே அணியில் கனமானவர்கள், எதிரணித் தடுப்பின் நடுவில் முதலில் பாய்பவர்கள். 9 எண்ணுடையவர் ஹூக்கர். உருட்டிவிடப்பட்ட பந்தை எடுத்து அனுப்புபவர் பெரும்பாலும் இவர்தான். 11, 12 இரண்டாம் வரிசை. இவர்கள் ஓரங்களில் வேகத்தோடு ஓட வேண்டும். 13 லூஸ் ஃபார்வர்ட். ஆஸ்திரேலியாவில் இவரை லாக் என்பார்கள். பிராப் பெரும்பாலும் ஆட்டத்தின் முதல் பகுதியை ஆடி, வெளியே வந்து, பிறகு மீண்டும் இறங்குவார். ஆஸ்திரேலியாவின் என்.ஆர்.எல். (நேஷனல் ரக்பி லீக்) போட்டியில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் 8 ஆள் மாற்றங்களே செய்யலாம் என்பதால், இடைவிடாமல் 80 நிமிடமும் ஆடக்கூடிய ஹூக்கரும் இரண்டாம் வரிசை வீரரும் பயிற்சியாளருக்கு மிகவும் வேண்டியவர்கள்.

நம் கபடி வீரர்களில் பெரும்பாலானோர் 65 முதல் 80 கிலோவுக்குள் இருப்பவர்கள். அவர்கள் பிராப் ஆக ஆசைப்படுவதைவிட ஹூக்கராகவோ இரண்டாம் வரிசையிலோ முயல்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. மெல்போர்ன் ஸ்டார்ம் அணியின் கேமரன் ஸ்மித் பருத்த உடல்வாகு இல்லாத ஹூக்கர். 2002 முதல் 2020 வரை 430 என்.ஆர்.எல். ஆட்டங்கள் ஆடினார். கணிக்கும் கண்ணும், குறைந்த செலவில் டேக்கிள் செய்யும் நுட்பமும் அவரை அத்தனை காலம் நிறுத்தின.

எடை, உணவு, தண்ணீர்

கபடியிலிருந்து வருபவர் முதலில் விட வேண்டிய பழக்கம் பட்டினி. ஆண்கள் மூத்தோர் கபடியில் 85 கிலோ வரம்பு இருப்பதாலும், இளையோர் பிரிவுகளில் அது இன்னும் குறைவு என்பதாலும், எடை பார்க்கும் நாளுக்கு முன் சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்திவிடும் வழக்கம் நம் பக்கத்தில் வேரூன்றிவிட்டது. ரக்பி முன்களத்துக்கு அது நேர் எதிரான பயிற்சி. தொழில்முறை பிராப்கள் பெரும்பாலும் 100 கிலோவைத் தாண்டியவர்கள். "வெயிட் போட்டா கால் வராதுங்க சார்" என்று ஒரு மாணவர் என்னிடம் வருத்தத்தோடு சொன்னார். கொழுப்பாக ஏறினால் அவர் சொல்வது உண்மை. எடைப் பயிற்சியோடு மாதத்துக்கு ஒரு கிலோ என்ற அளவில் ஏற்றினால் காலும் அதோடு வலுவடைந்து வேகம் குறையாது. ஆறு மாதத்தில் பத்து கிலோ ஏற்றித் தருகிறோம் என்று சொல்லும் ஜிம்முக்குப் போக வேண்டாம்.

மோதல் விளையாட்டுக்காரருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.6 முதல் 2 கிராம் வரை புரதம் தேவை. 80 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 130 முதல் 160 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம் அளவும், நூறு கிராம் நிலக்கடலையில் 25 கிராம் அளவும், நூறு கிராம் கொள்ளில் 20 கிராமுக்கு மேலும் புரதம் உண்டு. காலையில் முட்டை, பகலில் களியோடு கொள்ளுக் கடைசலோ கோழிக் குழம்போ, மாலையில் வேகவைத்த கடலை, இரவில் பாலும் பயறும் என்று திட்டமிட்டால், விலை உயர்ந்த டப்பாப் பொடி இல்லாமலே பெரும்பகுதி நிறைவேறிவிடும். கேழ்வரகில் நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பது எலும்புக்குக் கூடுதல் நன்மை. பொடிகளைப் பற்றி மற்றொரு எச்சரிக்கை: ஊக்கமருந்துச் சோதனையில் உடலில் என்ன இருக்கிறதோ அதற்கு வீரரே பொறுப்பு, ஜிம்மில் கொடுத்தார்கள், தெரியாமல் குடித்தேன் என்ற விளக்கத்தால் தடையிலிருந்து எளிதில் தப்ப முடியாது.

நம் இரு மாவட்டங்களுக்கும் உரிய ஒரு சிக்கல் நிலத்தடி நீர். இங்குள்ள பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளூரைடு அளவுக்கு மீறி இருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே கொண்டுவரப்பட்டது. நீண்ட காலம் அந்நீரைக் குடித்தால் பல்லில் கறை படிவதோடு எலும்பும் மூட்டுகளும் இறுகி வலி கொடுக்கும். எலும்பையும் மூட்டையும் நம்பித் தொழில் செய்ய நினைப்பவர், வெயிலில் பயிற்சி முடித்ததும் பக்கத்துத் தோட்டத்து மோட்டாரில் வயிறு முட்டக் குடிப்பதை நிறுத்தி, வீட்டிலிருந்து ஒகேனக்கல் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துவர வேண்டும். பல்லில் பழுப்புக் கோடுகள் உள்ள பிள்ளைகளுக்கு மூட்டு இறுக்கமோ வலியோ இருந்தால், பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பயிற்சியில் மூன்றை மட்டும் தவறவிடாதீர்கள். முதலாவது, ஸ்குவாட், டெட்லிஃப்ட் போன்ற முழு உடல் எடைப் பயிற்சி வாரத்துக்கு மூன்று நாள். இரண்டாவது, கழுத்துப் பயிற்சி; நண்பர் ஒருவர் உள்ளங்கையால் தலையை நான்கு பக்கமும் மெல்ல அழுத்த, தலை அசையாமல் எதிர்த்து நிற்பதே தொடக்கத்துக்குப் போதும். மூன்றாவது, விழுந்தெழும் ஓட்டம்: மார்பு தரையில் படும்படி படுத்து, எழுந்து, 10 மீட்டர் பின்னோக்கி ஓடி, மீண்டும் 10 மீட்டர் முன்னோக்கி ஓடிவந்து படுக்க வேண்டும். இதை ஆறு முறை செய்து, ஒரு நிமிடம் நின்று, மறுபடி தொடங்குங்கள். சாலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடுவதைவிட இதுவே முன்கள வீரருக்கு உதவும். கோடையில் தருமபுரிச் செம்மண் சிமென்ட் போல் இறுகிவிடுவதால், விழும் பயிற்சிக்கு ஏர் ஓட்டிய நிலமோ முந்தைய மாலை தண்ணீர் விட்டுக் கொத்திய கபடித் தளமோ வேண்டும். நேரம் காலை ஏழு மணிக்குள் முடிய வேண்டும். ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு வெயில் அவ்வளவு தொல்லை தராது.

டேக்கிள்: கபடியில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

இந்தப் பகுதியைப் பயிற்சியாளர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். கபடியின் சிறந்த பிடிகள் சில ரக்பியில் உயிருக்கே ஆபத்தாக முடியும். கார்னர் வீரர் ரைடரின் கால்களைப் பார்த்துப் பழகியவர். ரக்பியில் எதிரே வருபவர் முழு வேகத்தில் ஓடிவருவதால், காலைப் பார்த்தால் ஏமாந்துபோவார். பார்வை இடுப்பில், கால்சட்டை நாடா கட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கடைசி இரண்டு மீட்டரில் எட்டுகளைச் சிறிதாக்கி, முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, எந்தத் தோளால் மோதப் போகிறீர்களோ அதே பக்கத்துப் பாதத்தை அவருடைய பாதத்துக்கு அருகே ஊன்றுங்கள். பாதம் எட்டவில்லை என்றால் கை மட்டுமே எட்டும். கை மட்டும் எட்டினால் விரலோ தோள்மூட்டோ கழன்றுகொள்ளும்.

தலை எங்கே இருக்கிறது என்பதே எல்லாவற்றிலும் முக்கியம். ஓடிவருபவரின் உடலுக்கு முன்னே, குறுக்காக, தலை ஒருபோதும் வரக் கூடாது. கன்னம் அவருடைய இடுப்பின் பக்கவாட்டில் ஒட்டி, தலை பின்புறமாக இருக்க, தோள் முதலில் பட்டு, அதே கணத்தில் இரு கைகளும் சுற்றி வளைத்து இறுக வேண்டும். கண் திறந்திருக்க வேண்டும், முகவாய் நெஞ்சில் படாமல் நிமிர்ந்திருக்க வேண்டும். கபடியின் ஆங்கிள் ஹோல்டில் தலையை முன்னே விட்டுக் கணுக்காலுக்குப் பாயும் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால், எதிரியின் முழங்கால் நேரே நெற்றிப் பொட்டில் அடிக்கும். கவர் வீரரின் டேஷையும் மாற்றிக்கொள்ள வேண்டும்: கைகளால் வளைக்காமல் தோளால் மட்டும் இடித்துத் தள்ளுவது ரக்பி லீக்கில் தடை செய்யப்பட்ட குற்றம்.

தொடையைப் பிடித்துத் தூக்குவதை நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். நம் ஊர்ப் போட்டிகளில் ரைடரை அப்படியே தூக்கினால் கூட்டம் விசிலடிக்கும். 2014 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் நியூகாசில் அணியின் இளம் முன்கள வீரர் அலெக்ஸ் மெக்கின்னன் ஒரு டேக்கிளில் தூக்கப்பட்டுத் தலைகீழாக இறங்கியதில் கழுத்தெலும்பு முறிந்து, அத்துடன் அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது. உடல் கிடைமட்டத்தைத் தாண்டித் தலைகீழாகச் சாயும்படி எவரையும் தூக்கக் கூடாது. கால் தரையை விட்டு எழுந்துவிட்டது என்று உணர்ந்த உடனே, தூக்கியவரே அவரைப் பத்திரமாகக் கீழே கொண்டுவர வேண்டிய பொறுப்புடையவர். இதைப் பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.

வைத்துக்கொள்ள வேண்டியது செயின் பழக்கம். கபடியில் இருவர் கைகோத்து ஒரே நேரத்தில் நெருங்குவது போலவே, லீக்கிலும் முன்களத்தார் ஒரே கோட்டில் முன்னேறி, ஒருவர் இடுப்பிலும் மற்றவர் பந்து இருக்கும் மார்புப் பகுதியிலும் பிடிக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவரின் அடுத்த எட்டைக் கண்ணோரத்தில் அறிந்து நகரும் பயிற்சி நம்மவருக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. பந்தோடு பாயும்போது, தடுப்பவருக்கு எட்டாத பக்கத்துக் கையில் பந்தை இடுக்கி, பிடிபட்டபின் மல்லாந்து விழாமல் முழங்கையும் முழங்காலும் முதலில் தரையில் படும்படி குப்புற விழுந்தால் விரைவில் எழ முடியும். விரைவில் எழுந்து பந்தை உருட்டினால், எதிரணி பின்வாங்கி நிற்பதற்குள் அடுத்த ஓட்டம் தொடங்கிவிடும்.

தலையில் அடிபட்டால்

மூளை அதிர்வுக்கு மயக்கம் கட்டாயம் இல்லை. கண் மங்குவது, கேள்விக்குப் பதில் தாமதமாவது, தள்ளாடுவது, வாந்தி, வெளிச்சம் கூசுவது, காரணமில்லாத எரிச்சல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது. முகத்தில் தண்ணீர் தெளித்து மீண்டும் இறக்குவது நம் களங்களில் சாதாரணமாக நடக்கிறது. அதை உடனே நிறுத்த வேண்டும். என்.ஆர்.எல். போட்டியில் மூளை அதிர்வு உறுதியான வீரர் பொதுவாகக் குறைந்தது 11 நாள் ஆட முடியாது. மருத்துவக் குழு எப்போதும் அருகில் இல்லாத உள்ளூர் விளையாட்டுக்கு ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் 2024-ல் இன்னும் கடுமையான அளவைப் பரிந்துரைத்தது: மோதல் ஆட்டத்துக்குத் திரும்பக் குறைந்தது 21 நாள், அதற்குள் மோதல் பயிற்சிக்கு முன் அறிகுறியே இல்லாத 14 நாள். நாம் பின்பற்ற வேண்டியது இரண்டாவதைத்தான். சிட்னியின் கேன்டர்பரி அணியின் முன்னாள் முன்கள வீரரும் பயிற்சியாளருமான ஸ்டீவ் ஃபோக்ஸ் 2018-ல் 59 வயதில் இறந்தபின் அவருடைய மூளையை ஆராய்ந்தபோது, தொடர் அடிகளோடு தொடர்புடைய சி.டி.இ. என்னும் சிதைவு காணப்பட்டது. பெற்றோர் இதைத் தெரிந்துகொண்ட பிறகே பிள்ளையை அனுப்ப வேண்டும். மறைத்துச் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

போட்டிக்குப் போகும் வழி

இந்தியாவில் ஆடப்படுவது பெரும்பாலும் யூனியன் வகை. அதிலும் ஒலிம்பிக்கில் 2016 முதல் இடம்பெற்ற ஏழு பேர் ஆட்டமே அதிகம். ஆகவே லீக் முன்கள வீரராக விரும்புபவரும் இங்கே யூனியனில்தான் தொடங்க வேண்டியிருக்கும். ஓடுவதும், பிடிப்பதும், பந்து கைமாற்றுவதும் இரண்டிலும் பொது என்பதால் அக்காலம் வீணாகாது. கிருஷ்ணகிரி, ஓசூர் இளைஞர்களுக்குப் பெங்களூரு எட்டும் தொலைவில் உள்ளது. அங்குள்ள குழுக்களின் வார இறுதிப் பயிற்சிக்குப் பேருந்தில் போய் வரலாம். தருமபுரியில் இருப்பவர்கள், கல்லூரிப் படிப்புக்கு ரக்பி அணி உள்ள சென்னைக் கல்லூரியைத் தேடலாம். 2025 ஜூனில் மும்பையில் முதன்முறையாக நடந்த, இந்த ஏழு பேர் ஆட்டத்துக்கான ரக்பி பிரீமியர் லீக்கில் ஆறு அணிகள் ஆடி, சென்னை புல்ஸ் கோப்பையை வென்றது. இந்திய வீரர்கள் வெளிநாட்டுத் தொழில்முறை வீரர்களோடு ஒரே அணியில் ஆடும் வாய்ப்பு அதில் கிடைத்தது. பெண்களுக்கும் வாசல் திறந்தே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பெண்களுக்கான என்.ஆர்.எல். போட்டி 2018-ல் தொடங்கியது.

வெளிநாட்டைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். நியூ சவுத் வேல்ஸில் 17 வயதுக்குட்பட்டோருக்கான ஹரோல்டு மேத்யூஸ் கோப்பை, 19 வயதுக்குட்பட்டோருக்கான எஸ்.ஜி.பால் கோப்பை என்று படிப்படியாக ஏறி, பிறகு மாநில அளவில் ஆடி, அதன்பின்னரே என்.ஆர்.எல். அணிக்குள் ஒருவர் நுழைகிறார். அங்குள்ளவர் சிறு வயதில் ஏறத் தொடங்கும் ஏணி அது. இருபத்திரண்டு வயதில் நேரே ஒப்பந்தம் வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் முன்பணம் கேட்பவரை நம்பி நிலத்தை அடகு வைக்காதீர்கள். மேற்படிப்புக்காகவோ வேலைக்காகவோ முறையான விசாவில் சிட்னி, பிரிஸ்பேன், லீட்ஸ் போன்ற ஊர்களுக்குப் போகிறவர், அங்குள்ள உள்ளூர்க் குழுவில் சேர்ந்து ஆடுவதே நடக்கக்கூடிய வழி. புறப்படும் முன் விசா நிபந்தனையையும் மருத்துவக் காப்பீட்டில் மோதல் விளையாட்டு சேருமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தமும் வேலையும்

ஒப்பந்தம் கையில் வந்தால், தொகையைவிட முதலில் காயம் பற்றிய பிரிவைப் படியுங்கள்: அறுவைச் சிகிச்சைச் செலவு யாருடையது, ஆட முடியாத மாதங்களுக்குச் சம்பளம் உண்டா, மருத்துவரைத் தேர்வது யார் என்று எழுத்தில் இருக்க வேண்டும். நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸ் அணி ஜேசன் டாமலோலோவுக்கு 2017-ல் பத்து ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது உலகச் செய்தியானதற்குக் காரணமே, முன்கள வீரர் ஒருவருக்கு அத்தனை நீண்ட உறுதி கிடைப்பது மிக அரிது என்பதுதான். இங்கிலாந்து முன்கள வீரர் சாம் பர்ஜஸ், 2014 என்.ஆர்.எல். இறுதி ஆட்டத்தின் முதல் பாய்ச்சலிலேயே கன்ன எலும்பு முறிந்தும் கடைசிவரை ஆடிச் சிறந்த வீரர் பதக்கம் பெற்றவர். ஆனால் தோள்பட்டைக் காயத்தால் 2019-ல் 30 வயதில் ஓய்வு பெற நேர்ந்தது. அந்த இறுதி ஆட்டத்தின் வீரத்தைப் போற்றும் பிள்ளைகளிடம் அந்தத் தோளைப் பற்றியும் பேசுங்கள்.

ஆகவே படிப்பும் வேலையும் ஆட்டத்தோடு கூடவே நடக்க வேண்டும். ஓசூரில் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்க்குத் தொழிற்சாலை வேலை உண்டு. ஷிப்ட் நேரத்தைப் பயிற்சியாளரிடம் முன்கூட்டியே சொல்லி வாரத் திட்டத்தை அமைத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் எந்த விளையாட்டு, எந்த நிலைப் போட்டி, எந்தச் சான்று ஏற்கப்படும் என்பதை விதிகள் வரையறுத்திருக்கின்றன. மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு நேரில் சென்று, நடப்பிலுள்ள பட்டியலில் ரக்பி எந்த இடத்தில் இருக்கிறது என்று விசாரித்துவிட்டே கபடியை முழுவதுமாக விடுவதா, இரண்டையும் தொடர்வதா என்று முடிவெடுங்கள். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் பங்கேற்புச் சான்றிதழில் பெயரும் முன்னெழுத்தும் பள்ளிச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கின்றனவா, நாளும் முத்திரையும் கையொப்பமும் தெளிவாக உள்ளனவா என்று அங்கேயே சரிபார்த்து வாங்குங்கள். நாட்கள் கடந்து திருத்தம் கேட்டு அலைவது பெரும்பாடு.